ஜன்னலில் படியும் புழுதியும் பாலைவனத்துக் காட்டாறும்

மே மாதக் கடைசி. டெல்லியில் வெயில் 44 டிகிரி. மாலை நான்கு, ஐந்து மணிவாக்கில் காற்று சட்டென்று நின்றுபோகும். வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையாது. மேற்கிலோ வடமேற்கிலோ அடிவானம் முதலில் மஞ்சளாகும், பிறகு செம்பழுப்பாகும். ஊரிலிருந்து மாற்றலாகி ஜனக்புரிக்கோ மயூர் விஹாருக்கோ புதிதாகக் குடிவந்தவர்கள் மழை வரப்போகிறது என்று பால்கனிக்கு வந்து நிற்பார்கள். பல வருடம் இருந்தவர்கள் கொடியில் கிடக்கும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். வருவது ஆந்தி, வடக்கத்திப் புழுதிப் புயல். பத்து நிமிடத்தில் எதிர்வீடு தெரியாது. அரைமணி கழித்து நாலு சொட்டுத் தூறல், சில்லென்ற காற்று, வீடு முழுக்க மாவு தூவினாற்போல் ஒரு படிவு.

இந்தப் புழுதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில், "ராஜஸ்தான் மணல்." அது பாதிதான் சரி. பாலைவனப் புழுதியில் பெரும்பங்கு மணல்திட்டிலிருந்து வருவதில்லை. தண்ணீர் ஓடி, தேங்கி, காய்ந்த இடத்திலிருந்து வருகிறது. பாலைவனத்தில் வெள்ளத்தையும் புழுதிப் புயலையும் ஆற்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்தால் மூன்றுமே பாதிதான் புரியும். ஒன்றின் மிச்சம்தான் இன்னொன்றின் மூலப்பொருள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லூ என்பது கோடையில் பகல் முழுக்க மேற்கிலிருந்து வீசும் அனல்காற்று. அது நாள்கணக்கில் வீசும், சுவர்போல எழுந்து வராது. ஆந்தி என்பது இடிமேகம் பெற்றுப்போடும் ஒரு மணிநேர விவகாரம். மூன்றாவதாக ஒன்று உண்டு: பரந்த பரப்பில் காற்றழுத்த வேறுபாட்டால் பலத்த காற்று வீசி, புழுதியை மிக உயரத்துக்கு ஏற்றிவிடுவது. அப்போது புயல் எதுவும் தெரியாது. வானம் மட்டும் நாலு நாள் சாம்பல் பூத்துக் கிடக்கும். 2018 ஜூன் நடுவில் டெல்லியில் நடந்தது இதுதான். நகரத்தில் கட்டட வேலைகளையே சில நாள் நிறுத்திவைத்தார்கள்.

ஆந்தி எப்படிப் பிறக்கிறது என்று புரிந்துகொள்ள, டெல்லி வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் கூலரைப் பாருங்கள். நனைந்த புல் தட்டி வழியாகக் காய்ந்த அனல்காற்று போகிறது. தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்ந்து வெளியே வருகிறது. ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 2.5 டிகிரி குறையும். நாலு கிராம் என்றால் பத்து டிகிரி.

வானத்தில் நடப்பதும் இதே வேலைதான், அளவுதான் பெரிது. மே, ஜூன் மாதங்களில் டெல்லிக்கு மேலே உருவாகும் இடிமேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து மூன்று கிலோமீட்டர், சில நாள் அதற்கும் மேலே இருக்கும். அங்கிருந்து விழும் மழை, தரையைத் தொடுமுன் அத்தனை தூரம் காய்ந்த காற்றைக் கடக்கவேண்டும். பெரும்பகுதி வழியிலேயே ஆவியாகிவிடும். தூரத்தில் மேகத்துக்குக் கீழே சாம்பல் நிறத் தோரணம்போலத் தொங்கி, தரைக்கு வராமலே மறைந்துவிடும் மழையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆவியாதலால் குளிர்ந்த காற்று சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகி, கீழே விழுகிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். கீழே இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகுமே? ஆம், ஆவியாதல் நின்றுவிட்டால் கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடாகும். ஆனால் கோடைப் பிற்பகலில் வெளிக்காற்றும் மேலிருந்து கீழே ஏறக்குறைய அதே வீதத்தில்தான் சூடாக இருக்கிறது. அதனால் விழும் காற்று எவ்வளவு கீழே வந்தாலும் பக்கத்துக் காற்றைவிடக் குளிராகவே, கனமாகவே இருக்கிறது, வேகம் கூடிக்கொண்டே போகிறது. தரையில் மோதியதும் போக வழியில்லை. குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினாற்போல் எல்லாப் பக்கமும் விரிகிறது. அந்த விரிவின் முன்விளிம்புதான் புழுதிச் சுவர். மழை வருவதற்கு முன்னாலேயே புழுதி வருவதும், மேகம் தலைக்கு மேலே இல்லாதபோதே காற்று அறைவதும் இதனால்தான்.

கூலர் ஆகஸ்டில் வேலை செய்யாது என்பது டெல்லிவாசிகளுக்குத் தெரியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும், தண்ணீர் ஆவியாகாது. ஆகஸ்டில் ஆந்தி வராததற்கும் அதே காரணம், கூடவே மண்ணும் நனைந்திருக்கும். ஜூன் கடைசியில் பருவமழை வந்ததும் ஆந்தி ஓய்வதில் மாயம் ஒன்றுமில்லை.

எவ்வளவு வேகம்? காற்றின் வேகம் திடீரென்று மணிக்கு 29 கி.மீ.யாவது கூடி, 40 கி.மீ. அல்லது அதற்கு மேல் போய், ஒரு நிமிடமாவது நீடித்தால் அதை இந்திய வானிலை ஆய்வுத் துறை சூறைக்காற்று என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வலுவான ஆந்தியில் 80, 100 கூடத் தொடும். 2018 மே 2 அன்று ராஜஸ்தானின் ஆல்வர், பரத்பூர், தோல்பூர் பகுதிகளிலும் உத்தரப் பிரதேசத்தின் ஆக்ரா பக்கத்திலும் அடித்த புழுதிப் புயலிலும் இடிமழையிலும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சுவரும் கூரையும் மரமும் விழுந்து இறந்தவர்களே அதிகம். 2022 மே 30 அன்று பழைய டெல்லி ஜாமா மசூதியின் நடுக் குவிமாடத்துக் கலசமே முறிந்து விழுந்தது.

இனி புழுதிக்கு வருவோம். மணல் வேறு, புழுதி வேறு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் மிச்சம் எதுவும் புரியாது. மணல்துகள் ஏறக்குறைய 0.1 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும். பலத்த காற்றிலும் அது பறப்பதில்லை, தவளைபோலத் தத்தித் தத்திப் போகிறது. பெரும்பாலும் முழங்கால், இடுப்பு உயரத்துக்குள்தான். எகிப்து, லிபியப் பாலைவனங்களில் சுற்றி, பின்பு காற்றுச் சுரங்கத்தில் அளந்து இதை விளக்கியவர் ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. அவருடைய நூல் வந்தது 1941இல். இன்றும் இந்தத் துறைக்கு அதுதான் அரிச்சுவடி.

புழுதி அதைவிட மிக நுண்ணியது. ஒரு மி.மீ.யை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். புழுதியின் நுண்பகுதி பத்து மைக்ரானுக்கும் கீழே. நூறு மைக்ரான் மணல்துகள் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கீழே விழும். பத்து மைக்ரான் துகள் நொடிக்கு எட்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். அதை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டால், காற்று அசையாமல் இருந்தாலே தரைக்கு வர ஏறக்குறைய 35 மணிநேரம் ஆகும். மணிக்கு 30 கி.மீ. காற்றில் அந்த நேரத்துக்குள் ஆயிரம் கி.மீ. தாண்டிவிடும். ஜெய்சல்மேரிலிருந்து டெல்லி நேர்கோட்டில் 650 கி.மீ. அளவுதான். உங்கள் பால்கனிக் கைப்பிடியில் மணலின் நறநறப்பு இருந்தால் அது தெருமுனைக் கட்டட வேலையிலிருந்து வந்தது. டால்கம் பவுடர்போல வழுவழுப்பாக இருந்தால் அது தொலைதூரத்து விருந்தாளியாக இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. புழுதி அவ்வளவு லேசாக இருந்தும் காற்று அதை நேரடியாகக் கிளப்ப முடியாது. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசி மாவைத் தட்டில் பரப்பி ஊதினால் கட்டியாகக் கிடக்கும், ரவையை ஊதினால் ஓடும். காற்றுக்கு எளிதாக அசைவது 0.1 மி.மீ. அளவுள்ள பொடி மணல். அது தத்தி வந்து தரையில் மோத, மோதிய இடத்தில் புழுதி தெறித்து எழ, அதைத்தான் காற்று தூக்கிப்போகிறது. ஆக, பெரிய புழுதிப் புயலுக்கு மூன்று வேண்டும்: நுண்வண்டல் நிறைந்த காய்ந்த தரை, சுத்தியலாக அடிக்கக் கொஞ்சம் பொடி மணல், காற்று. வெறும் மணல்திட்டில் முதலாவது கிடையாது. அங்கிருந்த நுண்துகளைக் காற்று எப்போதோ சலித்து எடுத்துப்போய்விட்டது.

அந்த நுண்வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவது யார்? வெள்ளம்தான்.

பாலைவன ஆற்றுப்படுகையில் மழைக்காலம் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். தேங்கிய நீர் வற்றிய இடத்தில் சேறு வெடித்து, அப்பளம்போல ஓரம் சுருண்டு கிடக்கும். ஒன்றை எடுத்துக் கைக்குள் நொறுக்கினால் ரேகைக்குள் புகுந்துகொள்ளும் மாவாகிவிடும். உலகின் பெரிய புழுதி ஊற்றுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களே. ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் போதெலே பள்ளம் ஒரு பழைய ஏரியின் அடித்தளம். ஈரான்-ஆப்கானிஸ்தான் எல்லையில் சிஸ்தான் பகுதியில் புழுதியைக் கிளப்புவது, ஹெல்மந்த் ஆறு வராததால் காய்ந்துபோன ஹாமூன் ஏரிப்படுகை. மனிதன் செய்தவையும் உண்டு. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரிக்கு வரும் தண்ணீரை 1913இல் கால்வாய் வெட்டி லாஸ் ஏஞ்சலிசுக்குத் திருப்பினார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் ஏரி வற்றி, அமெரிக்காவின் மிக மோசமான புழுதி ஊற்றுகளில் ஒன்றாகிவிட்டது. ஆரல் கடலின் கதையும் அதுவே. நம் பக்கத்துப் புழுதியில் ஆற்றுப்படுகையோடு, ஏப்ரல், மே மாதம் அறுவடை முடிந்து உழுதுபோட்ட வயல்களுக்கும் பங்குண்டு.

ஆண்டுக்கு 200 மி.மீ.கூடப் பெய்யாத ஜெய்சல்மேரில் வெள்ளம் எப்படி வரும்? பாலைவன மழை ஆண்டு முழுக்கச் சீராகப் பெய்யாது. சில வருடம் வராது, வந்தால் ஒரே நாளில் கொட்டும். 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணிநேரத்தில் 254 மி.மீ. பெய்தது. 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து அந்த நாட்டில் அதுதான் உச்சம். துபாயில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஓடுதளத்தில் விமானம் படகாகிய காணொளியை அன்று எல்லோரும் பார்த்திருப்போம்.

மணல் தண்ணீரை உறிஞ்சிவிடுமே என்பார்கள். மணல்திட்டு உறிஞ்சும், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலைவனம் முழுக்க மணல்திட்டு அன்று. பாறைக்குன்றும் சரளைச் சமவெளியும் இறுகிய களிமண் தரையும்தான் பல பாலைவனங்களில் பெரும்பங்கு. அந்தத் தரையில் மழைத்துளி ஓங்கி அடிக்கும்போது நுண்துகள் சிதறி மண்ணின் துளைகளை அடைத்து, சிமெண்ட் பூசினாற்போல் ஒரு மேலோட்டை உண்டாக்கிவிடும். துளியின் அடியைத் தாங்கிக்கொள்ள இலை இல்லை, புல் இல்லை, சருகு இல்லை. மணிக்குப் பத்து மி.மீ. மட்டுமே இறங்கக்கூடிய தரையில் மணிக்கு ஐம்பது பெய்தால் நாற்பது ஓடத்தான் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டால் விஷயம் உறைக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். குன்றுகளால் சூழ்ந்த 50 சதுர கி.மீ. பரப்பில் 30 மி.மீ. மழை பெய்து, அதில் பாதி ஓடிவருவதாக வைத்துக்கொள்வோம். 75 கோடி லிட்டர். அது முழுவதும் மூன்று மணிநேரத்தில் ஒரே ஓடை வழியாக வெளியேறினால் நொடிக்கு ஏறக்குறைய 70,000 லிட்டர். கோடையில் உங்கள் காலனிக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர்கள் நொடிக்கு ஆறு வீதம் வந்துகொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இது சராசரிதான். உச்சத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரலாம்.

காட்டாற்றின் முன்விளிம்பு சுத்தமான தண்ணீராக வராது. சருகு, முள், ஆட்டுப் புழுக்கை, மரத்துண்டு எல்லாம் நுரையோடு சுருண்டு ஒரு தாழ்ந்த சுவர்போல வரும். மழை பெய்த இடம் முப்பது, நாற்பது கி.மீ. தள்ளி இருக்கலாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருக்கும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் அப்படித்தான் இறந்தார்கள், அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழையே இல்லை. 1963இல் ஜோர்டானின் பெட்ராவில், பாறைகளுக்கு நடுவே போகும் குறுகிய வழியில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் சிக்கி இறந்தார்கள். இத்தனைக்கும் அந்த ஊரைக் குடைந்த நபட்டேயர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அதே இடத்தில் வெள்ளத்தைத் திருப்ப அணையும் சுரங்கமும் அமைத்திருந்தார்கள். பிற்காலத்தில் பராமரிக்க ஆளில்லை.

நம் நாட்டில் 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டம் மூழ்கியது. கவாஸ், மால்வா கிராமங்களில் வீட்டுக்கூரை வரை தண்ணீர், நூறு பேருக்கு மேல் உயிரிழப்பு. மழை நின்றும் தண்ணீர் மாதக்கணக்கில் இறங்கவில்லை. காரணம் மண்ணுக்கு அடியில் இருந்த ஜிப்சம் படலம். மேலே மணல், கீழே ஜாடியின் அடிப்பாகம்போல நீர் புகாத தளம். பாலைவனத்தில் வீடு கட்டுபவர் மேல்மண்ணை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் இது.

ஆறுகளைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: பாலைவன ஆறு போகப்போகச் சிறுக்கும். காவிரியில் பவானியும் நொய்யலும் அமராவதியும் சேரச் சேர நீர் கூடுகிறது. ராஜஸ்தானின் லூனி இதற்கு நேர்மாறு. அஜ்மீர் பக்கத்து ஆரவல்லிக் குன்றுகளில் பிறந்து, ஏறக்குறைய 500 கி.மீ. தென்மேற்காக ஓடி, கடலைத் தொடாமல் குஜராத்தின் கட்ச் ரண் சதுப்பில் கரைந்துவிடுகிறது. வழியெல்லாம் படுகை மணல் உறிஞ்சும், வெயில் உறிஞ்சும். நீர் குறையக் குறைய உப்பு மிஞ்சும். பாலோத்ரா வரை நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உவர். பெயரே உப்பாறு என்ற பொருள்தான். கடலுக்குப் போகாத ஆறு என்பது நமக்கு அவ்வளவு அந்நியமும் அன்று. வைகை பல வருடம் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுவதில்லையா?

டெல்லிக்கும் இப்படி ஓர் ஆறு சொந்தம். பலருக்குத் தெரியாது. ஆரவல்லியில் பிறந்து ரேவாரி வழியாக வரும் சாஹிபி என்ற மழைக்கால ஆறுதான், டெல்லிக்குள் நஜஃப்கர் நாலா என்ற சாக்கடைக் கால்வாயாகி வஜீராபாத் அருகே யமுனையில் விழுகிறது. விகாஸ்புரி, ஜனக்புரிப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோமே, அந்த நாலாதான். பத்து வருடம் சாதுவாகக் கிடந்துவிட்டு ஒரு வருடம் சீறுவது இவ்வகை ஆறுகளின் குணம். 1977இல் சாஹிபி வெள்ளம் வந்தபோது நாலாவின் கரை பல இடங்களில் உடைந்து நஜஃப்கர் கிராமங்கள் தீவாயின. ரேவாரி அருகே ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் போகும்போது ஆறே ஓடாத இடத்தில் மசானி தடுப்பணை நிற்கிறதே என்று வியப்பவர்களுக்கு விடை அந்த வெள்ளத்தில் இருக்கிறது.

இதே காட்டாற்றைச் சோறாக்கியவர்களும் உண்டு. ஜெய்சல்மேர்ப் பக்கம் பாலிவால் சமூகத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டத் தொடங்கிய கடீன், பாறைச் சரிவின் அடிவாரத்தில் போட்ட நீண்ட மண்கரை. வயலைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பாறைப்பரப்பின் மழை அந்தக் கரைக்குள் வந்து நிற்கும், வண்டலையும் விட்டுப்போகும். உபரி நீர் வழியக் கல்லில் கலிங்கு உண்டு. நவம்பரில் மிச்சத் தண்ணீரை மதகு வழியே விட்டுவிட்டு, ஈர மண்ணிலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். பாசனம் கிடையாது. கலிங்கின் மட்டம் கரைக்கு மிக நெருக்கமாகிவிட்டால் ஒரே மழையில் கரை உடைந்து எல்லாம் போகும்.

ஆந்தி வரும்போது செய்யவேண்டியது அதிகமில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, பால்கனிச் சுவர்மேல் வைத்த பூந்தொட்டி. இரண்டும் பறந்தால் கீழே போகிறவரின் மண்டையில் விழும். அடுத்து மேற்கு, வடமேற்கு ஜன்னல்கள். பிறகு கூலரை அணையுங்கள். அது வெளிக்காற்றை உறிஞ்சும் கருவி, ஓடவிட்டால் புழுதியை வீட்டுக்குள் இறைத்துவிடும், தட்டியும் சேறாகி அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகவேண்டும். கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்கினால் நுண்புழுதி மறுபடி எழும், ஈரத்துணியால் துடைப்பதே சரி. வானிலைத் துறை அடுத்த மூன்று மணிநேரத்துக்கான எச்சரிக்கையை இணையத்தில் போடுகிறது. பிற்பகலில் வெளியே கிளம்புமுன் பார்த்துக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலையில் புழுதிச் சுவர் எதிரே வந்தால், சாலையை விட்டு முழுதாக இறங்கி வண்டியை நிறுத்துங்கள். மரமோ விளம்பரப் பலகையோ மேலே இருக்கக்கூடாது. நிறுத்தியபின் எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விசித்திரமாகத் தோன்றும். ஆனால் பார்வை மறைந்த நிலையில் பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பி அதையே குறிவைத்து வந்து மோதுவார். சாலையை விட்டு இறங்க இடமே இல்லையென்றால் மட்டும் விளக்கோடு மெல்ல நகரலாம்.

குளிர்காலத்தில் ஜெய்சல்மேர், கோடையில் லடாக் என்று வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப்பேர். லடாக்கும் பாலைவனம்தான், குளிர்ப் பாலைவனம். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டி லே நகரத்தில் கொட்டிய மழை, கல்லும் சேறுமாக இறங்கி இருநூறு பேருக்கு மேல் கொன்றது. ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள். தரை சமமாக, மணல் மெத்தையாக இருப்பதே அது தண்ணீரின் படுக்கை என்பதற்கு அடையாளம். செடிகளில் சருகும் பிளாஸ்டிக் பையும் எந்த உயரத்தில் சிக்கித் தொங்குகின்றனவோ, கடைசி வெள்ளம் அந்த உயரம் வந்திருக்கிறது. லடாக்கில் பனி உருகி வரும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், பிற்பகலில் பெருகும். பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில் ஓர் ஓடைக்குப் 'பாகல் நாலா' என்றே பெயர். பைத்தியக்கார ஓடை.

ஓடும் தண்ணீரில் காரை இறக்கலாமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சிறிய கார் ஏறக்குறைய 900 கிலோ. அதன் அடிப்பரப்பு ஆறு சதுர மீட்டர். அடித்தட்டுக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் ஏறினால் அது விலக்கும் நீரின் எடையும் 900 கிலோ. அதாவது கார் மிதக்கத் தொடங்கிவிட்டது. அடித்தட்டு தரையிலிருந்து 17 செ.மீ. உயரம் என்றால், 32 செ.மீ. ஆழத்திலேயே சக்கரத்துக்குப் பிடிப்பு கிடையாது. கிட்டத்தட்ட ஓர் அடி அளவுகோல். பெரிய வண்டிகளுக்கு இரண்டு அடி. கலங்கல் நீரில் ஆழம் தெரியாது, அடியில் சாலை அரித்துப் போயிருந்தாலும் தெரியாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. காட்டாறு வந்த வேகத்தில் வடியும், பெரும்பாலும் சில மணிநேரம்தான். மேட்டில் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். வடிந்த கையோடும் படுகையில் இறக்கவேண்டாம். மேல்மணல் காய்ந்ததுபோலத் தெரியும், கீழே களி ஊறிக் கிடக்கும், சக்கரம் அச்சு வரை புதையும்.